மணியும் வரவு இடாப்பும்

முல்லைத்தீவு மாவட்டத்திலே, முள்ளியவளைக்கு அயலில், தண்ணீரூற்று என்றோர் ஊர் உண்டு. நிலத்தினடியிலிருந்து இயல்பாகவே நீர் சுரந்து வெளிப்படும் ஊற்றினால் அப்பெயர் பெற்ற ஊர் அது. அந்த ஊற்றங்கரையிலே பிள்ளையார் கோயில் கொண்டிருக்கின்றார். அத்தகைய ஊரிலிருந்து வரும் பாடசாலை அதிபர் ஒருவர், எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமியைப் பற்றியும் கைத்தொலைபேசியைப் பற்றியும் பேசப் புகுவது எதற்காக என்று நேயர்களுட் சிலர் எண்ணக்கூடும்.

நான் வைத்தியன் அல்லேன், கலைப் பட்டதாரி. ஆயினும் நெடுங்காலமாக, நாள்தோறும் காலையிலே ஒரு மணியை அடிப்பித்தும், ஓர் இடாப்பைக் கூப்பிட்டும் வாழ்க்கை நடத்தி வருபவன். பாடசாலை மணி எல்லாருக்கும் பொதுவாக ஒலிக்கின்றது. வரவு இடாப்போ ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைத்து, 'நீ வந்திருக்கிறாயா?' என்று கேட்கின்றது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை ஆசிரியத் தொழில் எனக்குக் கற்பித்தது. நாள்தோறும் மருந்து உண்ணவேண்டிய நோயாளருக்குத் தொலைபேசி வாயிலாக நினைவூட்டும் முயற்சிகளைப் பற்றி அண்மையிற் படித்தபோது, அதே வேறுபாடு அங்கும் நிற்பதைக் கண்டேன். அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலிலே நோயைப் பற்றிச் சில சொற்கள். எயிட்ஸ் என்னும் நோய் 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முதன்முதலாக இனங்காணப்பட்டது. அதற்குக் காரணமான கிருமியை 1983ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தனர். நமது அயலிலே, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவருடைய மாணவி நிர்மலாவும் 1986ஆம் ஆண்டில் இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். நமது நாட்டிலே, இலங்கையர் ஒருவரிடத்து இது முதலில் அறியப்பட்டது 1987ஆம் ஆண்டிலாகும்.

அக்காலத்திலே இந்நோய் வந்துற்றது என்றால், மரண ஓலை வந்துவிட்டது என்றே மக்கள் கருதினர். அக்கருத்து அன்றைக்குப் பெரும்பாலும் உண்மையாகவும் இருந்தது. இன்றைக்கு அஃது உண்மையன்று. 1996ஆம் ஆண்டளவிலே, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை கண்டறியப்பட்டது. அதன் பின்னர் நிலைமை அடியோடு மாறிற்று. இலங்கை அரசாங்கம் 2004ஆம் ஆண்டு தொட்டு இம்மருந்துகளை இலவசமாக வழங்கி வருகின்றது. தாயிடமிருந்து குழந்தைக்கு இக்கிருமி தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. முன்னாளிலே கைநிறையக் குளிசைகளை வேளைதோறும் விழுங்கவேண்டியிருந்தது. இந்நாளிலோ பலருக்கு நாளொன்றுக்கு ஒரே குளிசை போதுமானதாயிருக்கின்றது. அதனைத் தவறாது உண்பவர் ஏனையோரைப்போல் நீண்ட காலம் வாழலாம், தொழில் செய்யலாம், இல்லறம் நடத்தலாம். குருதியிலே கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அந்நிலையிலேயே நின்றுவிட்டால், பாலுறவு வழியாக அவரிடமிருந்து மற்றொருவருக்கு அது தொற்றுவதில்லை என்பதும் ஐயந்திரிபற நிறுவப்பட்ட உண்மை.

ஆனால், நேயர்களே, இத்தனை நன்மையும் 'தவறாது' என்ற ஒரு சொல்லிலே தொங்கிக்கொண்டிருக்கின்றது.

அஃது ஏன் என்பதை வன்னி விவசாயிக்கு விளக்குவது எளிது. வயலிலே கோரை முளைக்கின்றது. மேலே தெரியும் கோரையை எல்லாம் பிடுங்கிவிட்டு, வயல் துப்புரவாயிற்று என்று கமக்காரன் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் என்ன நிகழும்? மண்ணுக்குள்ளே கிழங்கு கிடக்கின்றது. சில நாளில் மீண்டும் தலைகாட்டும். எச்.ஐ.வி. கிருமியும் அவ்வாறே உடலின் உட்புறத்துக் கலங்களிலே உறங்கிக் கிடக்கின்றது. இன்றுள்ள மருந்து அதனைத் தலைதூக்காமல் அடக்கி வைக்குமேயன்றி, வேரோடு அகழ்ந்தெறிய மாட்டாது. மருந்தை நிறுத்தினால் அது மீண்டும் பெருகும். அன்றியும், மருந்தை ஒருநாள் உண்டு ஒருநாள் விட்டு வந்தால், குறைந்த அளவு மருந்துக்குத் தப்பிப் பிழைக்கும் கிருமிகள் அம்மருந்தை எதிர்க்கும் வல்லமை பெற்றுவிடக்கூடும். அரைகுறையாக மருந்து தெளித்த வயலிலே, மிஞ்சிய பூச்சி பிறகு எந்த மருந்துக்கும் மசிவதில்லை என்று நமது கமக்காரர் குறைகூறுவதைக் கேட்டிருப்பீர்கள். அதே கதைதான் இதுவும்.

அப்படியானால், உயிர் காக்கும் மருந்தை, அதுவும் இலவசமாகக் கிடைக்கும் மருந்தை, மனிதர் ஏன் தவறவிடுகின்றனர்? மறதி ஒரு காரணம். ஆனால் அதுவே முழுக் காரணமும் அன்று. உடம்பு நன்றாயிருக்கின்றதே, இனி மருந்து எதற்கு என்ற எண்ணம் ஒருவருக்கு. கிளினிக்குக்குப் போகும் நாளிலே கூலி போய்விடும் என்ற கவலை இன்னொருவருக்கு. கடற்றொழிலாளி இரவெல்லாம் கடலில் நிற்கின்றான். குளிசையோ கரையிலே வீட்டில் இருக்கின்றது. கூட்டுக் குடும்பத்தில் வாழும் இளம்பெண் ஒருத்தி, குளிசைப் போத்தலைக் கண்டு மாமியார் 'இஃது என்ன மருந்து?' என்று கேட்டுவிடுவாரோ என்று அஞ்சுகின்றாள். இடம்பெயர்வு என்பது எப்படிப்பட்டது என்று வன்னி மக்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. 2009ஆம் ஆண்டிலே கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடியவர்களுள், நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் மருந்து உண்டு வந்தோர் எத்தனை பேர் மருந்தின்றித் தவித்தனர் என்பதை நாம் நேரிலே கண்டோம். பின்னர் 2022ஆம் ஆண்டில் எரிபொருள் இல்லாது போன மாதங்களிலே, வைத்தியசாலை இருந்தும் அங்கு போக வழியின்றி நின்றவர்களையும் கண்டோம்.

ஆகவே குளிசை தவறிப்போவதற்குப் பின்னால் ஒரு வாழ்க்கை நிற்கின்றது. இதனை மனத்திற் கொண்டு, தொலைபேசி செய்யக்கூடியது யாது என்று பார்ப்போம்.

இவ்வழியிலே மிகவும் பேசப்பட்ட முயற்சி ஆபிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் நிகழ்ந்தது. 2007ஆம் ஆண்டுக்கும் 2008ஆம் ஆண்டுக்கும் இடையிலே, நைரோபி நகரத்தையும் கஜியாடோ என்னும் நாட்டுப்புறப் பகுதியையும் சேர்ந்த மூன்று சிகிச்சை நிலையங்களிலே, புதிதாக மருந்து தொடங்கிய 538 பேர் இரு பிரிவாக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. மற்றப் பிரிவினருக்கு அச்சிகிச்சையோடு, திங்கட்கிழமைதோறும் கைத்தொலைபேசியிலே ஒரு குறுஞ்செய்தி சென்றது. அச்செய்தியில் இருந்தது 'மாம்போ?' என்ற ஒரே சொல். சுவாகிலி மொழியிலே, 'என்ன சேதி, எப்படி இருக்கின்றீர்?' என்று ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் சொல் அது. மருந்தென்றோ, நோயென்றோ அதில் ஒரு குறிப்பும் இல்லை. பெற்றுக்கொண்டவர் இரண்டு நாளுக்குள் விடை அனுப்ப வேண்டும். நலமாயிருந்தால் 'ஸாவா' என்றும், தொல்லை ஏதுமிருந்தால் 'ஷிடா' என்றும் எழுதினாற் போதும். 'ஷிடா' என்று எழுதியவரையும், விடையே அனுப்பாதவரையும், சிகிச்சை நிலையத்துப் பணியாளர் தொலைபேசியில் அழைத்து என்ன ஏது என்று கேட்டனர்.

இவ்வாய்வின் முடிவு 2010ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. குறுஞ்செய்தி பெற்ற பிரிவிலே மருந்தை ஒழுங்காக உண்டதாகக் கூறியோர் நூற்றுக்கு 62 பேர். பெறாத பிரிவிலே நூற்றுக்கு 50 பேர். வாய்ச்சொல்லை நம்பலாமா என்று கேட்பீர்களாயின், குருதியைச் சோதித்தும் பார்த்தனர். கிருமி அடங்கியிருந்தோர் முதற் பிரிவிலே நூற்றுக்கு 57 பேர். மற்றப் பிரிவிலே 48 பேர். ஒரு சொற் செய்திக்கு இத்துணைப் பயனா என்று உலகம் வியந்தது.

அதே கென்யாவின் மேற்குப் பகுதியிலே, சுலைம்போ என்னுமிடத்துச் சிகிச்சை நிலையமொன்றில் இன்னோர் ஆய்வும் நடந்தது. அதிலே 431 பேர் பங்குகொண்டனர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் மூடியொன்று அவர்களுடைய மருந்துப் போத்தலில் பொருத்தப்பட்டது. சிலருக்கு நாள்தோறும் நினைவூட்டுச் செய்தி சென்றது. சிலருக்கு வாரந்தோறும் சென்றது. சிலருக்கு ஒன்றுமே செல்லவில்லை. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முடிவு சிந்திக்கத்தக்கது. வாரம் ஒருமுறை செய்தி பெற்றவருள் நூற்றுக்கு 53 பேர், உண்ணவேண்டிய மருந்தில் பத்தில் ஒன்பது பங்கையேனும் உண்டிருந்தனர். செய்தி பெறாதவருள் அத்தகையோர் நூற்றுக்கு 40 பேரே. நாள்தோறும் செய்தி பெற்றவர்களோ, செய்தி பெறாதவர்களைக் காட்டிலும் குறிப்பிடத்தக்க நன்மை எதனையும் அடையவில்லை.

பாடசாலைக்குப் பக்கத்து வீட்டிலே குடியிருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். மணி அடித்தது அவருடைய காதில் விழுந்திராது. நாள்தோறும் கேட்டு அவருடைய செவி பழகிவிட்டது. ஓயாது ஒலிக்கும் மணி, ஒலியாத மணிக்கு ஒப்பாகிவிடுகின்றது.

இனி நமது அயலுக்கு வருவோம். தென்னிந்தியாவிலே, பெங்களூரைச் சேர்ந்த 150 நோயாளரிடத்து இம்முறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. வாரம் ஒருமுறை, இயந்திரத்திற் பதிவுசெய்யப்பட்ட குரலொன்று அவர்களைத் தொலைபேசியில் அழைத்தது. கேட்ட கேள்விக்கு அவர்கள் எண்ணை அழுத்தி விடையளித்தனர். எழுத்தறியாதாரும் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, நோயைக் காட்டிக்கொடுக்காத படமொன்றும் அனுப்பப்பட்டது. ஆறு மாதத்திலே, மருந்தை ஒழுங்காக உண்போர் தொகை நூற்றுக்கு 85 இலிருந்து 91 ஆக உயர்ந்தது. 2012ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தபோது மகிழாதார் இல்லை.

ஆனால் அறிவியலின் பெருமை, தான் மகிழ்ந்ததையும் மீண்டும் சோதிப்பதிலே இருக்கின்றது. அதே முறையைப் பெரிய அளவிலே, தென்னிந்தியாவின் மூன்று சிகிச்சை நிலையங்களிலே, 631 நோயாளரிடத்து, 96 வாரம் நடத்திப் பார்த்தனர். டாக்டர் அனிதா ஷெட் அம்மையார் தலைமை வகித்த அவ்வாய்விலே, சென்னையைச் சேர்ந்த டாக்டர் குமாரசாமி முதலியோரும் பங்குகொண்டனர். 315 பேருக்குத் தொலைபேசி நினைவூட்டல் இருந்தது. 316 பேருக்கு இல்லை. 2014ஆம் ஆண்டிலே 'பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை'யில் வெளிவந்த முடிவின்படி, இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. மருந்து பயன் தராது போனவர் தொகை இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

நேயர்களே, இந்த இரண்டாவது செய்தியைச் சொல்லாமல் விட்டிருந்தால் எனது பேச்சு இன்னும் இனிமையாயிருந்திருக்கும். ஆனால் பிள்ளைகளுக்குக் கணக்கு கற்பிக்கும் ஆசிரியர், விடை சரியாக வந்த கணக்கை மட்டும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது நேர்மையாகாது. கென்யாவிலே பயன் தந்த முறை, தென்னிந்தியாவிலே ஏன் பயன் தரவில்லை? இரண்டு நாடுகளின் நிலைமைகளும் வேறு. செய்த முறைகளும் வேறு. தென்னிந்திய நிலையங்களிலே இரு பிரிவினருக்கும் ஆலோசனை கூறும் ஒழுங்கு ஏற்கெனவே இருந்தது. ஆதலின் ஒன்றை வைத்து மற்றொன்றை எடைபோடுவது முற்றிலும் பொருந்தாது. எனினும் ஓர் ஆசிரியனின் கண்ணுக்கு ஒரு வேறுபாடு புலப்படாமற் போகவில்லை. தென்னிந்தியாவிலே அழைத்தது பதிவுசெய்யப்பட்ட குரல். கென்யாவிலே செய்தி சிறிதேயாயினும், விடை வராத இடத்துக்கு ஒரு மனிதர் தேடிச் சென்றார். முன்னதிலே மணியின் சாயல் கூடுதலாக இருந்தது. பின்னதிலே இடாப்பின் சாயல் கூடுதலாக இருந்தது. குறுஞ்செய்தி பெற்ற கென்ய நோயாளர், தம்மீது அக்கறைகொண்ட ஒருவர் எங்கோ இருக்கின்றார் என்ற உணர்வு தமக்கு உண்டாயிற்று என்று கூறினராம்.

எங்கள் ஊரிலே எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் இருக்கின்றார். அவருக்கு இரத்த அழுத்தம். இரவிலே ஒரு குளிசை உண்ண வேண்டும். கனடாவிலிருக்கும் மகன் நாள்தோறும் அந்நேரத்துக்கு அழைப்பார். "அம்மா, குளிசை போட்டாச்சோ?" என்பார். "ஓம் தம்பி, போட்டிட்டன்" என்பார் ஆச்சி. ஒருமுறை மகனுக்கு இரவு வேலை வந்து, இரண்டு கிழமை அழைக்க முடியவில்லை. ஆச்சிக்குத் தலைசுற்று வந்து மாஞ்சோலை வைத்தியசாலைக்குக் கொண்டு போயினர். பார்க்கச் சென்ற நான், "மணிக்கூட்டிலே அலாரம் வைத்துக் கொடுத்திருந்தேனே ஆச்சி, அடிக்கவில்லையா?" என்று கேட்டேன். "அது அடிச்சது மாஸ்ரர். அதுக்கு நான் என்னெண்டு மறுமொழி சொல்லுறது?" என்றார் அவர். ஆராய்ச்சி இதழ்களிலே பல பக்கம் புரட்டி நான் தெரிந்துகொண்டதை, ஆச்சி ஒரே வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

ஆயின், நலம் விசாரிப்பதற்கும் ஒரு முறை உண்டு. இவ்விடத்தில் என்னுடைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் கற்பித்த ஒரு பாடசாலையிலே, மாணவி ஒருத்தி மாதந்தோறும் ஒருநாள் வராதிருப்பாள். ஒருநாள் இடாப்புக் கூப்பிடும்போது, வகுப்பு முழுவதும் கேட்க, "ஏன் மாதம் மாதம் நிற்கிறாய்?" என்று கேட்டேன். "கிளினிக், சேர்" என்றாள். "என்ன கிளினிக்?" என்றேன். அவள் தலைகுனிந்து நின்றாள். பின்வாங்கிலிருந்து யாரோ சிரித்தனர். அடுத்த இரண்டு கிழமையும் அவள் பாடசாலைக்கு வரவில்லை. அவளுக்கிருந்தது வலிப்பு நோய் என்பதைப் பின்னர் அவளுடைய தாயார் வந்து கண்ணீரோடு சொன்னார். நான் கெட்ட எண்ணத்தோடு கேட்டவன் அல்லேன். அக்கறையோடுதான் கேட்டேன். ஆனால் பலர் நடுவே கேட்ட அக்கறை அப்பிள்ளையின் முதுகிலே சுமையாக விழுந்தது. வலிப்புக்கே அவ்வாறாயின், எச்.ஐ.வி. என்ற பெயர் வெளிப்பட்டால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எண்ணிப் பார்க்கவும் தேவையில்லை. நமது நாட்டிலேயே நடந்திருக்கின்றது. 2016ஆம் ஆண்டிலே, குருநாகல் மாவட்டத்துக் குளியாப்பிட்டிப் பகுதியிலே, ஒரு சிறுவனுக்கு எச்.ஐ.வி. இருக்கின்றதென்று வதந்தி பரவிற்று. அவனுக்கு அந்நோய் இருக்கவில்லை. அவ்வாறிருந்தும் அவனைத் தம்முடைய பிள்ளைகளோடு சேர்த்துப் படிப்பிக்கப் பெற்றோர் பலர் மறுத்தனர். விவகாரம் உயர்நீதிமன்றம் வரை சென்றது. இறுதியில் கண்டியிலுள்ள ஒரு கல்லூரி அவனைச் சேர்த்துக்கொண்டது. ஒரு வதந்தியே இத்தனை செய்யுமாயின், பிறர் கண்ணிற் படும் ஒரு குறுஞ்செய்தி என்ன செய்யாது?

நமது வீடுகளிலே கைத்தொலைபேசி ஒருவருக்கே உரிய பொருளாக இருப்பது அரிது. தந்தையின் தொலைபேசியிலே பிள்ளை பாடம் பார்க்கின்றது; மருமகளுக்கு வரும் அழைப்பை மாமியார் எடுக்கின்றார். ஆதலினாலேதான் கென்யாவிலே 'மாம்போ' என்ற சொல்லையும், தென்னிந்தியாவிலே பொதுவான படத்தையும் தெரிந்தெடுத்தனர். யார் பார்த்தாலும் ஓர் உறவினரோ நண்பரோ நலம் கேட்கின்றார் என்றே தோன்றும். உலக சுகாதார நிறுவனமும், 2013ஆம் ஆண்டு தொட்டு, குறுஞ்செய்தி நினைவூட்டலை மற்ற ஆதரவுகளோடு சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றே கூறி வருகின்றது. 'சேர்த்து' என்ற சொல்லைக் கவனியுங்கள்.

இவற்றை எல்லாம் எண்ணிப் பார்க்கும்போது, வன்னி போன்ற இடத்திலே இத்தகைய ஏற்பாடு எவ்வாறு அமைய வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கின்றேன். முதலாவது, நோயாளியின் மனமொத்த இசைவு. எந்த இலக்கத்துக்கு, எந்த நேரத்தில், எந்தச் சொல்லில் செய்தி வரவேண்டும் என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. இரண்டாவது, மொழி. செய்தி அவருடைய வீட்டு மொழியில் இருக்க வேண்டும். வாசிக்க முடியாதவருக்குக் குரலாக வரவேண்டும். 'கோயிற் பொங்கலுக்கு வருகிறீர்களா?' என்பதுபோல் அவரும் தாதியும் தமக்குள் பேசிவைத்த வாக்கியமாக இருந்தால் இன்னும் நன்று. மூன்றாவது, விடை. 'இல்லை' என்று விடை வந்தாலும், விடையே வராவிட்டாலும், அடுத்து என்ன செய்வது, யார் அழைப்பது என்பது முன்னரே வகுக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு அழைப்பவருக்கு அதற்கென நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். ஏற்கெனவே நூறு வேலை உள்ள தாதியின் தலையில் நூற்றோராவதாக இதனை ஏற்றிவிட்டால், அதுவும் மணியாகவே முடியும்.

நான்காவது, இலக்கம் மாறுவதை எதிர்பார்த்தல். நம்மவர் சிம் அட்டையை அடிக்கடி மாற்றுகின்றனர். பழைய இலக்கம் நாளடைவில் வேறொருவர் கைக்குப் போய்விடுகின்றது. கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் 'பழைய இலக்கந்தானா?' என்று கேட்பது சிறிய காரியம். ஆனால் அஃது ஒருவருடைய மானத்தைக் காக்கும் காரியம். காட்டோரக் கிராமங்களிலே தொடர்பு கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கே விடை வராமை மருந்து உண்ணாமையாகிவிடாது. அத்தகையோருக்கு, அடுத்த முறை நேரில் வரும்போது ஆறுதலாக அமர்ந்து பேசுவதே சிறந்த குறுஞ்செய்தி.

செய்திகள் யாவும் வைத்தியசாலையிலிருந்தே வரவேண்டும் என்பதும் இல்லை. நோயாளி தாமே நம்பித் தெரிந்தெடுத்த ஒருவர், உடன்பிறந்தாரோ துணைவரோ நண்பரோ, கிழமைக்கு ஒருமுறை 'எப்படி இருக்கிறாய்?' என்று கேட்பாராயின் அதுவும் அப்பணியைச் செய்யும். உங்களை நம்பி ஒருவர் இந்த இரகசியத்தைச் சொல்லியிருந்தால், அஃது உங்கள் நெஞ்சோடு நிற்கட்டும். 'மருந்து போட்டாயா?' என்று அதட்டிக் கேட்பதிலும், 'இந்தக் கிழமை சிரமம் ஏதும் இருந்ததா?' என்று கேட்பது மேலானது. அதட்டலுக்கு வரும் விடை பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும் என்பதை எந்த ஆசிரியரும் சொல்லுவார்.

இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்போருள், தாமே அந்தக் குளிசையை உண்பவர் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு சொல். ஒருநாள் தவறிவிட்டது என்பதற்காக வெட்கப்பட்டுக் கிளினிக்குக்குப் போகாதிருந்துவிடாதீர்கள். பாடசாலையிலே ஒருநாள் வராத பிள்ளையால் கெடுதி வருவதில்லை. ஒருநாள் வராததை எப்படிச் சொல்வது என்று அஞ்சி, ஒரு மாதம் வராமலே நின்றுவிடும் பிள்ளைதான் படிப்பை இழக்கின்றது. தவறியதை வைத்தியரிடமோ தாதியிடமோ உள்ளபடி சொல்லுங்கள். அதற்கு வழி சொல்லவே அவர்கள் இருக்கின்றனர். தமக்கு இந்நோய் இருக்குமோ என்று ஐயுறுவோர், அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலே இலவசமாகவும் இரகசியமாகவும் பரிசோதித்துக்கொள்ளலாம்.

எஞ்சியிருக்கும் பெரும்பாலாராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. அந்தக் குளிசையை ஒருவர் ஒளித்து உண்ணவேண்டியிருப்பது நோயினால் அன்று, நமது பார்வையினாலே. ஒரே கிணற்றில் நீர் அள்ளுவதாலும், ஒரே வாங்கில் இருந்து படிப்பதாலும், ஒரே பந்தியில் உண்பதாலும் இக்கிருமி தொற்றுவதில்லை. இதனை நாம் நமது பிள்ளைகளுக்கு அச்சமின்றிச் சொல்லிக் கொடுத்தால், ஒளித்து வைக்கவேண்டிய போத்தல் ஒன்று ஒருநாள் மேசைக்கு வரும். மேசைக்கு வந்த குளிசை மறந்துபோவது குறைவு.

எனது பாடசாலையிலே இன்றும் காலையில் மணி அடிக்கின்றது. அதனை நிறுத்திவிடச் சொல்லமாட்டேன். நேரம் தெரிவிக்க மணியும் வேண்டும். ஆனால் மணி அடித்தபின் நான் இடாப்பைத் திறக்கின்றேன். வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே ஒரு குறி இடுகின்றேன். பாடசாலை விட்டபின், அந்தக் குறியோடு வீட்டுப் படலை வரை போய், மெல்லிய குரலிலே, தனியாக, "பிள்ளை சுகமோ?" என்று கேட்கின்றேன். இன்னின்ன பிள்ளை என்று வகுப்பிலே சொல்வதில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்ட பாடம் அது.

எங்கள் ஊர் ஊற்று ஒரே நாளில் பெருக்கெடுத்து ஓடியதனாற் பெயர் பெறவில்லை. நாள் தவறாமற் சுரப்பதனாலே பெயர் பெற்றது. நோயாளியின் குளிசையும் அவ்வாறு நாள் தவறாது நடைபெற வேண்டுமாயின், அவர்மீது நாம் வைக்கும் அக்கறையும் அவ்வாறே சுரந்துகொண்டிருக்க வேண்டும்.